ஒரு வாய் சோறு

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் தடிமாடு மாதிரி இருந்த ஒரு நாயை எடை மேடையில் ஏற்றுவதற்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசைதான் என் வேலை, ஆனால் நாய்க்கு அதெல்லாம் தெரியுமா? வகுப்பு ஆசிரியை சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். என் மகள் மதியச் சாப்பாட்டை மென்று மென்று கைக்குட்டையில் துப்பிவிடுகிறாளாம். ஏன் என்று கேட்டால், விழுங்கினால் தொண்டையில் அடைத்துச் செத்துப்போவேன் என்கிறாளாம். ஒரு வாரமாக இதே கூத்தாம்.

"வீட்ல யாருக்காவது அப்படி ஏதாவது ஆச்சுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாலு என்றுதான் அவளை வீட்டில் கூப்பிடுவோம். இரண்டாம் வகுப்பு. ஒரு நிமிடம்கூட வாயை மூடாத பிள்ளை. அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவள் அப்பாவிடமிருந்து. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். மாஸ்டர் என்றால்தான் அங்கே ஆளைத் தெரியும். மூன்று ஷிஃப்டுக்கும் ஆக்கிப்போடுகிற மனிதருக்கு நாலைந்து மாதமாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எல்லாம் ஒரு விருந்தில் ஆரம்பித்தது. கேன்டீனில் யாருக்கோ பிரிவு விருந்து. பேச்சு சுவாரசியத்தில் ஒரு இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. பக்கத்திலிருந்தவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், துண்டு வெளியே வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். அன்று ராத்திரி வீட்டில் முதல் கவளத்தை வாயில் வைத்தவர், வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

முதலில் இறைச்சி போனது. அப்புறம் ரொட்டி. அப்புறம் சோறு. எனக்கு முன்கோபம் உண்டு, மறைப்பதற்கில்லை. சின்னப் பிள்ளையா நீங்கள் என்று கத்தியிருக்கிறேன். கத்தினால் இன்னும் மோசம். முகம் வெளுத்துவிடும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடப்பது பனியனுக்கு மேலேயே தெரியும். பாவி மனுஷன் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லாததற்கா ஒரு ஆள் எலும்பும் தோலுமாக ஆவார்?

ஆகவே நான் அரைத்தேன். சோறோ காயோ, எல்லாம் மிக்ஸிக்குள். அரைத்ததை வடிகட்டி, வடிகட்டியதை விரலால் தடவிப் பார்த்து, திப்பி இல்லை என்று தெரிந்தால்தான் டம்ளரில் ஊற்றுவேன். அதையும் அவர் உட்கார்ந்து குடிக்க மாட்டார். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே ஒரு மடக்கு, நின்று தொண்டையைத் தடவி இன்னொரு மடக்கு. நான் தண்ணீர் சொம்போடு பின்னாலேயே நடப்பேன், கண் அவர் தொண்டைக்குழியை விட்டு நகராது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாய் முழு காலுறையை விழுங்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்வது?

கடைசியில் மனநல டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். பயம் வந்தால் தொண்டை நிஜமாகவே இறுகும். இறுகினதும், பார் அடைக்கிறது என்று பயம் கூடும். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுக்கிறது. இது கோழைத்தனம் இல்லை, வியாதி, மெல்ல மெல்லப் பழக்கினால் குறையும் என்றார். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கொஞ்சம் கொஞ்சமா மிக்ஸியை நிறுத்தணும்மா. அது அவருக்கு உதவி இல்ல, பயத்துக்கு உதவி."

எனக்குச் சுருக்கென்றது. இவர் பட்டினி கிடந்து செத்தால் அந்த டாக்டரம்மாவா வந்து பார்ப்பார் என்று வழியெல்லாம் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வாரம் குழைத்து மசித்த சோறு கொடுத்துப் பார்த்தேன். அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடியும் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். இந்தக் கூத்தையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்த அன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். ஆசிரியை சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். கோபத்தில் சொன்னேனா பயத்தில் சொன்னேனா தெரியவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து உருளைக்கிழங்கை நறுக்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் கத்தியை எடுத்தே மாதக்கணக்காகிறது.

சோறு வெந்ததும், கைப்பழக்கத்தில், நான் மிக்ஸி ஜாரை எடுத்தேன். அவர் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"எனக்கும் தட்டுல போடு."

மூன்று தட்டு. வெள்ளைச் சோறு, பொன்னிறமாக வறுத்த கிழங்கு. வாலு தன் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். அடைத்துக்கொள்ளும் என்றாள், அவ்வளவு சாதாரணமாக.

"அப்பாவுக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அவர். "தோணுறது வேற, நடக்குறது வேற. ரெண்டு பேரும் பார்க்கலாமா?"

ஒரு துண்டுக் கிழங்கும் கொஞ்சம் சோறுமாக வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். முழங்கால் மேசைக்கடியில் ஆட ஆரம்பித்ததில் தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. முகம் வெளுத்தது, மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. பாதி எழுந்தார். துப்பிவிடுவார் என்றே நினைத்தேன். துப்பித் தொலையட்டும், பிழைத்தால் போதும் என்றுகூட நினைத்தேன். சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளிவிட்டு, மகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. விழுங்கினார்.

பிறகு வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார். அவள் எட்டி உள்ளே பார்த்தாள்.

"பயம் போயிடுச்சாப்பா?"

"இல்லடா. சோறுதான் போச்சு. பயம் அப்படியே இருக்கு." மூச்சு இன்னும் வாங்கியது அவருக்கு. "அது இருந்தாலும் சோறு போகுது. அதைத்தான் உனக்குக் காட்டினேன்."

அவள் யோசித்தாள். அவள் யோசித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "அப்போ பயந்துக்கிட்டே சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம். நான் அப்படித்தான் சாப்பிடுறேன்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருப்பதிலேயே சின்னத் துண்டாகத் தேடி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு, அதை விழுங்கிக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தேன். குட்டித் தொண்டை. அதில் ஏதாவது அசைகிறதா, நிற்கிறதா? கை தானாகச் சொம்பைப் பிடித்துக்கொண்டது. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ உன் தட்டைப் பாரு" என்றார் அவர் என்னிடம், மெதுவாக.

அரைக்கச் சொன்னால் அரைத்துவிடுவேன், ராத்திரி பகலாக ஓடச் சொன்னாலும் ஓடுவேன். இது என்னால் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பை விட்டேன். குனிந்து என் தட்டைப் பார்த்தேன். எனக்கும் பசிதான், ஒரு பருக்கையைக்கூட எடுக்க முடியவில்லை. உள்ளங்கை ஈரமாகிவிட்டது. காது மட்டும் அவள் பக்கமே இருந்தது. மெல்லுகிற சத்தம் கேட்டது. நின்றது. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நிமிரக் கூடாது, நிமிரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

"அப்பா, கிழங்கு இன்னும் இருக்கா?" என்றாள் வாலு.