பத்து நாள் வெந்த கால்

1975, இலையுதிர் காலம். தோக்கியோவின் கத்சுஷிகாவில், ரோபோ பொம்மைகளுக்கு உலோகக் கால் வார்க்கும் சின்னப் பட்டறை அது. வேதியியல் படித்தவள் என்பதால் முதலாளி ககாவா கால்களைச் சரிபார்க்கும் மேசையில் என்னை உட்காரவைத்தார். ஒவ்வொரு காலையும் நிறுத்துப் பார்த்துப் பிசிறு தேய்க்க வேண்டும்.

துத்தநாகம் உருக்கி வார்ப்பவர் ஒகுனுகி. முதல் வாரம் நான் தராசைக் கீழே போட்டு உடைத்தபோது, தன் கை பட்டுவிட்டதாகச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டவர்.

ஒரு மதிய இடைவேளையில், அவர் உலைக் கரண்டியிலேயே ஈயம் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்ப்பதைப் பார்த்தேன். ஈயம் ஒட்டிய கரண்டி அப்படியே துத்தநாகத்துக்குள் போனது. கொஞ்சம் ஈயம் கலந்தாலும் போதும். கால் பளபளப்பாகத்தான் இருக்கும். சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே விரிசல்விட்டு, ஏதாவது ஒரு குழந்தையின் கையில் உதிரும்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று வார்த்த கால் ஒன்றைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு உலையோரம் வைத்தேன். ஆவியில் இருந்தால் வருடங்களில் வருவது பத்து நாளில் வந்துவிடும். முதலாளியிடம் சோதனை என்று மட்டும் சொன்னேன்.

"என்ன பேராசிரியை, இன்னும் வேகலையா? கொஞ்சம் சோயா ஊத்திப் பாரு" என்பார் ஒகுனுகி. வற்றிய தண்ணீரைத் தினமும் நிரப்பியதும் அவர்தான்.

பத்தாம் நாள் முழங்காலில் முடி போல ஒரு கோடு. அழுத்தினேன். உடைந்தது.

புத்தாண்டு விற்பனைக்காக நாலாயிரம் கால்கள் பெட்டியில் இருந்தன. எல்லாம் அந்தப் பத்து நாளில் வார்த்தவை. உடைந்த காலை முதலாளியிடம் காட்டி, ஈயமாகத்தான் இருக்கும் என்றேன். அது எப்படி உள்ளே வந்தது என்று ககாவா என்னைக் கேட்டார். உலைப் பக்கமிருந்து ஒகுனுகி குறுக்கே வந்தார்.

"அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க முதலாளி. தூண்டில் குண்டு ஊத்தினேன், இந்தக் கரண்டியில. என் வேலைதான்."

அவர் சொன்ன பிறகுதான் நானும் சொன்னேன்.

"நான் அன்னைக்கே பார்த்தேன். சொல்லல."

ககாவா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலாயிரத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லி பழைய இரும்புக்காரனுக்கு போன் போடுங்க. உருக்குற பானையை மாத்துங்க. புத்தாண்டு வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமை கிடையாது."

ஞாயிறுகளில் பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும். மன்னிப்புக் கேட்டேன்.

"நேரா சொல்லியிருந்தா ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன். அவ்வளவுதான்" என்றார். "நீ பயந்ததால, அந்தப் பாத்திரத்துக்கு நானே பத்து நாள் தண்ணி வேற ஊத்தியிருக்கேன்."

அந்த ஞாயிறுகளில் வார்த்த கால்களோடு ஒரு ரோபோ இன்றும் என் அலமாரியில் நிற்கிறது. தூசி துடைக்கும்போது இரண்டு முழங்கால்களையும் அழுத்திப் பார்ப்பேன். இதுவரை அசையவில்லை. ஒகுனுகிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வைப்பேன்.