பிரேக்கில் கட்டிய கயிறு

சுரேந்திரன் கத்தாரில் எட்டு வருடம் வண்டி ஓட்டியவன். அதனால் வண்டிகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறான். சனிக்கிழமை காலை என் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை யாரோ வீட்டு மணியை அமுக்குவதுபோல அமுக்கிக்கொண்டிருந்தான்.

"சொஃப்ட்வெயார் தான் மச்சான். ஜப்பான்காரன் பூட்டி அனுப்பிருக்கான்."

"போன மாசம் வேலை செஞ்சிச்சு."

"அப்ப போன மாசம் பூட்டல."

அவன் ஜீவராணியின் அண்ணன். என் மனைவிக்கு இப்படி ஓர் அண்ணன் எப்படி வாய்த்தான் என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். இப்போது கேட்க ஆள் இல்லை.

பழுதானது குரூஸ் கண்ட்ரோல். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டியை அதே வேகத்தில் பிடித்துவைக்கும் வசதி. எங்கள் றப்பர் தோட்டத்துப் பாதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை எனக்கு மாத்தறையில் புது வேலை. கடவத்தையில் அதிவேகப் பாதையில் ஏறினால் இரண்டு மணித்தியாலம் ஒரே ஓட்டம். ஒரு பழைய விபத்துக்குப் பிறகு என் வலது முழங்கால் அவ்வளவு நேரம் அக்சிலேட்டரைத் தாங்காது.

மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். லக்ஷிகாவுக்கு நான்கு வயது. அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது மாமியின் எண்ணம். மாமி, அதாவது ஜீவராணியின் அம்மா புஷ்பம், அதை வாயால் சொல்லவில்லை. இரண்டு கிழமையாகப் பாத்திரம் வைக்கிற சத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுரேந்திரன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தான். யாரோ ஒருவன் இந்தியில் பேசிக்கொண்டே ஒரு ஸ்டியரிங்கைப் பிரித்தான்.

"எயார்பேக்கக் கழட்டணும் மச்சான்."

"கழட்டித் தெரியுமா?"

"அதான் காட்டுறானே."

"தப்பாக் கழட்டினா மூஞ்சில வெடிக்கும்."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப நீங்க கழட்டுங்க."

அவனை இறங்கச் சொன்னேன். முதலில் ஃபியூஸ்களைப் பார்த்தேன். எதுவும் எரிந்திருக்கவில்லை. அடுத்தது பிரேக். பிரேக்கை மிதித்தால் குரூஸ் அறுந்துவிடும். யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்தால் அது பிடிக்கவே பிடிக்காது. இதை அவனுக்கு விளக்கவில்லை. ஆயுள் அவ்வளவு நீளமில்லை.

"பின்னால போய் நின்னு பிரேக் லைட்டப் பாருங்க."

போனான். "எரியுது!"

"நான் இன்னும் மிதிக்கல."

"இல்ல, எரியுது."

மிதித்தேன். "இப்ப?"

"இப்பவும் எரியுது. சூப்பரா இருக்கு மச்சான். லைட்ல ஒரு குறையும் இல்ல."

இந்தக் கிழமை இரண்டு தரம் பேட்டரி இறங்கியது இதனால்தான். புதன்கிழமை வரக்காப்பொலையில் ஒரு திரீவீல்காரன் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்து, "மல்லி, லைட் எக்க!" என்று, தம்பி லைட்டைப் பார் என்று சிங்களத்தில் கத்தியதும் இதற்குத்தான். முந்திப் போக வழி கேட்கிறான் என்று நினைத்து நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

தரையில் படுத்து டோர்ச்சை உள்ளே அடித்தேன். பிரேக் மிதியின் தண்டில், மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது தண்டுக்குப் பின்னால் ஆப்புப்போல இறுகியிருந்ததால் மிதி முழுதாக மேலே வரவில்லை. அரை விரற்கடை குறைந்தது. அதற்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்சுக்கு, யாரோ மிதிக்கிறார்கள் என்று நினைக்க அது போதும்.

ஜீவராணிக்குப் போன வருடம் எலிக்காய்ச்சல். நான்கே நாள். மூன்றாம் நாள்தான் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்போது அவள் கையில் இதே கறுப்புக் கயிறு, தோட்டத்துக் கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்.

மாமி குசினி வாசலில் நின்றார்.

"நாந்தான் கட்டுனேன்," என்றார்.

"பிரேக்கிலயா?"

"வண்டிய நிப்பாட்டுற எடத்துல கட்டணும்னு பூசாரி சொன்னாரு. புள்ள தூரம் போறா. காப்பு வேணும்ல."

"அந்த ஆளுக்குக் காய்ச்சலும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. உங்க காப்பால பின்னால எந்நேரமும் சிவப்பு எரியுது. நான் நெசமாவே பிரேக் போட்டாலும் பின்னால வர்ற லொறிக்காரனுக்குத் தெரியாது. என்னையும் புள்ளையையும் சேத்து நசுக்கிட்டுப் போவான்."

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஜீவாவுக்கும் இப்பிடித்தான் கட்டுனீங்க. ரெண்டு நாள்."

"மச்சான், விடுங்க," என்றான் சுரேந்திரன்.

"நீ சும்மா இரு," என்றார் மாமி, அவனிடம். பிறகு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "ரெண்டு நாள்தான் மாப்ள. நான் கயித்தக் கட்டுனேன். நீங்க பெனடோல் மாத்திர குடுத்தீங்க. மழைல நனைஞ்ச காய்ச்சல், சரியாயிரும்னு நீங்கதான் சொன்னீங்க. படிச்சவரு சொல்றாருன்னு நானும் இருந்துட்டேன்."

நான் அதை மறந்திருக்கவில்லை. இன்னொருவருக்கும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

கத்தியை எடுத்தேன்.

"வெட்டாதீங்க. வெட்டுனா ஆகாது. நான் அவுக்குறேன்." ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா?"

"மொத நாளே ஆஸ்பத்திரி."

"பெனடோலு?"

"போற வழியில."

"எனக்குக் கோல் எடுப்பீங்களா? எல்லாம் முடிஞ்ச பொறகு இல்ல. அப்பவே."

"அப்பவே எடுக்கிறேன்."

அவர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார், தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்தார். முப்பது வருடம் றப்பர் பால் வெட்டிய கை. கயிற்றில் ஏழு முடிச்சு. கட்டும்போது இறுக்கத்தில் ஒன்றும் குறை வைத்திருக்கவில்லை. நான் டோர்ச்சைப் பிடித்தேன். நாலாவது முடிச்சில் நகம் முறிந்தது. அதற்காக அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏழாவதும் அவிழ்ந்தபோது மிதி 'டக்' என்று மேலே வந்தது. மீட்டரில் சிமிட்டிக்கொண்டிருந்த குரூஸ் விளக்கு நிலையாக நின்றது.

"ஐயோ, லைட் அணைஞ்சிருச்சு மச்சான்!" என்று பின்னாலிருந்து சுரேந்திரன் கத்தினான். "இப்ப இதையும் பாக்கணும்!"

மாமி மஞ்சள் துணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. லக்ஷிகாவைக் கூப்பிட்டு, அவளுடைய கம்பளிச் சட்டை எங்கே என்று கேட்டார். போகிற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

மாத்தறையில் குளிர் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை.