பத்துமலையின் இரண்டு படங்கள்

2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஒரு தமிழ் நாளிதழின் முதியோர் தினச் சிறப்புப் பக்கத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பத்துமலை என்ற அறுபத்தாறு வயதுக்காரரின் படம் வெளியானது. கிழிந்த பனியனோடு அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மருமகள் ஷர்மினி கைபேசியில் குனிந்திருந்தாள். கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்: 'மருமகள் கைபேசியில், மாமனார் கண்ணீரில்.'

கைபேசி பத்துமலையுடையது. நிருபர் தர்மேந்திரன் ஈப்போவிலிருந்து வந்து இறங்கியபோது அவர்தான் அதில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஷர்மினி மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தர்மேந்திரன் கைபேசியை வாங்கி அவளுடைய ஈரக்கையில் கொடுத்தான். பனியன், வேன் துடைக்கிற துணி.

"கொஞ்சம் சோகமா பாருங்க, அங்கிள்."

"எதுக்குப்பா?"

"வயசானவங்க கட்டுரை, அங்கிள்."

பத்துமலைக்குச் சோகம் வரவில்லை. முந்தின இரவு பேராக் காற்பந்துக் குழு கடைசி நேரத்தில் கோல் வாங்கியதை நினைத்துக்கொண்டார். உடனே வந்துவிட்டது.

வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று, அங்கே தாமான் குடியிருப்பு கட்டிய நாளிலிருந்து அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். திங்கட்கிழமை விடியலில் புனிதாவின் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தார். புனிதா மகளை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களே கொண்டு போயிக்கிறோம் அண்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்க லா."

"எனக்கு என்னம்மா ஆச்சு?"

"பேப்பர்லயே போட்டிருக்கே."

"வெள்ளிக்கெழம உம்மகள நான்தானே ஏத்திட்டுப் போனேன்?"

"அப்ப தெரியாது லா அண்ணே, உங்களுக்கு இவ்ளோ கஷ்டம்னு."

அந்த வாரத்திலேயே வேனில் பாதி இருக்கைகள் காலியாகிவிட்டன. இன்னும் சில பெற்றோர் விலகினால் வேனை விற்க வேண்டியதுதான். இதற்கிடையில் ஓர் இளைஞர் மன்றம் அரிசி மூட்டையும் பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலமும் வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது.

"சாப்பாடு போடுறியான்னு மேட்ரன் கேக்குறாங்க, மாமா," என்றாள் ஷர்மினி. "அவங்க மலாய்க்காரவங்க, தமிழே தெரியாது. அவங்க வரைக்கும் போயிருச்சு."

"நீ என்ன சொன்ன?"

"போடுறதே அதிகம்னு சொன்னேன்."

பத்துமலை தர்மேந்திரனை அழைத்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன், வேன் ஓட்டுறேன்னு ஒரு வரி போடு தம்பி."

"அது செய்தி இல்லையே, அங்கிள். ஆனா சாதனையாளர்னா அரைப்பக்கம் குடுக்கலாம்."

சனிக்கிழமை தர்மேந்திரன் ஒரு கறுப்புக் கண்ணாடியுடன் வந்தான். அதை மாட்டிக்கொண்டு பத்துமலை வேனின் உபரி டயரைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். வேன் ஓட்டுவதற்கு டயரைத் தூக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார். தர்மேந்திரன் காதில் விழவில்லை.

"இன்னும் மேல, அங்கிள். சிரிங்க! அலாமா, மேகம் மறைச்சிருச்சு. இன்னொரு தடவ."

ஞாயிற்றுக்கிழமை 'முதுமையை வென்ற சிங்கம்' வெளிவந்தது. மத்தியானம் புனிதா அழைத்தாள்.

"அண்ணே, நாளைக்கு மகள ஏத்திக்குங்க. எங்கள விட நீங்க யங் லா!"

பத்துமலை குப்புறப் படுத்தபடி, வாரேன் என்றார். ஷர்மினி அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாலைக்குள் விலகிப் போயிருந்த மற்ற பெற்றோரும் அழைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை, இரவு வேலை முடிந்து வந்த ஷர்மினி தூங்கப் போகவில்லை. தன் மைவி காரில் பிள்ளைகளை நடை நடையாக ஏற்றிச் சென்றாள். பெற்றோர் அழைப்பார்கள் என்று மாமனாரின் கைபேசியையும் எடுத்துப் போயிருந்தாள். படுக்கவும் முடியாமல் குனியவும் முடியாமல் பத்துமலை சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தைலக்கறை நல்ல சட்டையில் படக்கூடாது என்று அந்தக் கிழிந்த பனியனைப் போட்டிருந்தார். கையில் ஆட ஒன்றுமில்லாததால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் எல்லோரும் மணி அடிப்பதற்குள் பள்ளி சேர்ந்தார்கள்.