கண்டக்டரம்மாவின் கோபம்

ஜன்னல்களை ஸ்க்ரூ போட்டு மூடிய வாரம், முதியோர் இல்லத்தின் மாடிக் கடைசி அறையில் இருந்த கண்டக்டரம்மா ஒரு ஹீட்டர் அளவுக்குச் சுடத் தொடங்கினார். காய்ச்சல் இல்லை. பார்க்க வந்த டாக்டர் கையை உதறிக்கொண்டே, கோபம் என்று சீட்டில் எழுதிவிட்டுப் போனார். வேலைக்காலம் முழுவதும் ஓடும் பஸ்ஸின் படிக்கட்டில் நின்று காற்று வாங்கியவர் கண்டக்டரம்மா. இல்லமோ பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. ஜன்னல் திறந்தால் மின்சாரம் வீண், மதிப்பெண் போய்விடும் என்பது மேலாளரின் கட்சி.

கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணினியில் கணித்துச் சொல்ல ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தாள். மாடியில் அவளைக் கணக்குக்காரி என்றார்கள். அவள் கணக்கில் ஒரு முதியவருக்கு ஒரு குண்டு பல்பின் சூடு. இப்போது கண்டக்டரம்மாவின் சூட்டால் கடுங்குளிரிலும் மாடி ஏசி தானாக ஓடியது. மீட்டரும் கணக்கும் எலியும் பூனையுமாக நின்றன.

“அந்த ரூமை ஸ்டோர் ரூம்னு போட்டுடும்மா. அவங்களை வேற ஹோமுக்கு அனுப்பிடறேன்,” என்றார் மேலாளர்.

கணக்குக்காரி நேரே கடைசி அறைக்குப் போனாள். நாற்காலி சுட்டதால் நின்றபடியே கேட்டாள்.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?”

“ஜன்னலைத் திற. நான் என்ன பிஸ்கட்டா, நமுத்துப்போயிடுவேன்னு டப்பாவுல அடைச்சு வைக்க?”

அவள் கண்டக்டரம்மாவின் சூட்டை உள்ளபடி ஏற்றி, ஜன்னல்களையும் கதவையும் திறந்து வைத்துக் கணக்குப் போட்டாள். கணினித் திரையில் அனல் நடைவழியில் அறை அறையாகப் போனது. குளிருக்கு மாடியில் ஹீட்டரே வேண்டாம், வெயில் காலத்தில் சூடு தெருவுக்குப் போய்விடும் என்று வந்தது. மேலாளர் அதைப் பார்க்கவே மறுத்து, வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

வண்டி வந்த காலை, மாடி முதியவர்கள் சக்கர நாற்காலிகளை லிஃப்ட் வாசலில் நெருக்கி நிறுத்திப் பிரேக் போட்டார்கள். “முதல்ல எங்களை ஏத்து, பார்ப்போம்,” என்றார் ஓய்வுபெற்ற பல் டாக்டர், பல்லில்லாத வாயால். வண்டி வந்த வழியே போனது. கணக்குக்காரி ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஜன்னல்களைத் தானே திறந்தாள்.

அவள் அனுப்பிய கணக்கைப் பார்த்துச் சான்றிதழ் அலுவலகம் ஆட்சேபித்தது: ஒரு ஆளுக்கு எப்படி இவ்வளவு சூடு?

“வந்து தொட்டுப் பாருங்க சார்,” என்றாள்.

அதிகாரி வந்தார், தொட்டார், கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜன்னல் திறந்தும் கண்டக்டரம்மா ஆறவில்லை. கேட்காமல் மூடியதற்கு மன்னிப்பு வரவில்லையே என்றார். வருடங்கள் ஆகிவிட்டன. மேலாளர் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை மாடியேறினார். குளிர் முடிந்து வாருங்கள் என்று மாடிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.