கால் இல்லாமல் ஓடிய கிள்ளான் ஓட்டம்

கிள்ளானில் இருபத்தொரு கிலோமீட்டரைக் கால்களே இல்லாமல் ஓடி முடித்தவன் நான். நம்பாவிட்டால் போங்கள். என் மச்சான் சுகுமாறனும் நம்பவில்லை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் ஓட்டம்தான் எனக்கு வேலை. குடலில் புற்றுநோய் வந்த பிறகும் விடவில்லை. ஒரு வாரம் கீமோ, மறு வாரம் ஓட்டம். மெதுவாக ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். என் வேகத்தில் ஆஸ்பத்திரிக் கூரை பறந்துவிடும் என்ற பயமாக இருக்கும்.

மருந்து சில தடவை ஏறியதும் பாதங்கள் மரத்துப்போயின. குளிக்கும்போது யாருடைய காலுக்கோ சோப்புப் போடுவதுபோல இருந்தது. கீமோ வார்டு நர்ஸ், மிஸ்ஸி நுஸைபா, ஊசி போடும் முன் கேட்டார்.

"அங்கிள், கால் மரத்துப்போகுதா? உண்மையச் சொல்லணும். அப்படியே விட்டா உணர்ச்சி கடைசி வரைக்கும் திரும்பாது. மருந்தக் குறைக்கணும்."

"கால் எங்கம்மா இருக்கு? ரெண்டும் பஸ் ஏறி பினாங்குக்குப் போயிருச்சு."

என்னைக் காரில் கொண்டுவந்திருந்த சுகுமாறன் குறுக்கே புகுந்தான். "மாமா சொல்றத எழுதிக்காதீங்க லா மிஸ்ஸி. போன மாசம் ஓடுறப்ப முதலைய முந்திட்டேன்னு சொன்னவரு. கால் மரத்த ஆளு இந்த ஓட்டம் ஓடுவாரா?"

முதலை விஷயம் உண்மை. சின்ன முதலை. ஆனால் மிஸ்ஸி சிரித்துவிட்டார். அதே அளவு மருந்து ஏறியது. நெசமாத்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து இன்னொரு முதலைதான் வந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள் கிள்ளானில் சுகுமாறன் வீட்டில் தங்கினேன். அவன் மனைவி புனிதாவுக்கு இரவு வேலை. அவள் திரும்பும் நேரம் வீட்டில் ஆள் இல்லையென்றால், வாசலில் கிடக்கும் சப்பாத்து ஒன்றுக்குள் சாவியைப் போட்டுவிட்டுப் போவது அந்த வீட்டு வழக்கம். விடியும் முன் நான் கேட் ஓரமாக உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். சுகுமாறன் இருட்டில் கதவைப் பூட்டிவிட்டுக் காரை எடுக்கப் போனான். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

ஓட்டத்தில் என்னை நாலாயிரம் பேர் முந்தினார்கள், எல்லாரும் பொறாமையில். தார் ரோடு காலுக்குத் தெரியவில்லை. யாரோ ஓட, நான் மேலே உட்கார்ந்து போவதுபோல இருந்தது. கடைசியில் மெடல் மாட்டினார்கள். அதுவும் வேறு யாருடைய கழுத்திலோ தொங்கியது.

சுகுமாறன் போனில் கத்திக்கொண்டு வந்தான். "சப்பாத்துலதான் போட்டேன் புள்ள! எந்த சப்பாத்தா? வாசல்ல கிடந்த..."

என் காலைப் பார்த்தான்.

"மாமா, கழட்டுங்க."

வலது சப்பாத்தை அவனே வாங்கிக் கவிழ்த்தான். சாவி விழுந்தது. காலுறை சிவந்து நனைந்திருந்தது. உள்ளங்காலில் சாவியின் பல்லெல்லாம் பதிந்திருந்தது.

"வலிக்கலையா மாமா?"

"எது?" என்றேன்.

அவன் காயத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். இன்னும் பலமாக அழுத்தினான். நான் எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கீமோவுக்குக் கட்டுப் போட்ட காலோடு போனேன்.

"அங்கிள், கால் எப்படி?" என்றார் மிஸ்ஸி நுஸைபா.

"பினாங்குல இருந்து தாய்லாந்துக்குப் போயிருச்சும்மா. பாஸ்போர்ட்கூட இல்லாம."

அவர் சிரித்துக்கொண்டே மருந்துப் பையை மாட்டப் போனார்.

"மாட்டாதீங்க மிஸ்ஸி," என்றான் சுகுமாறன். "மொதல்ல டாக்டரக் கூப்பிடுங்க. மாமா சொன்னது நெசம். என் வீட்டுச் சாவிய மிதிச்சுக்கிட்டே கிள்ளான் பூரா ஓடினாரு. ஒண்ணுமே தெரியல அவருக்கு. நான் பார்த்தேன்."