வண்டி நல்லா ஓடும்

ஃபுவாதினோ ஒரு சேப்பங்கிழங்கு வாங்கவே கூடையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்கிறவள். கார் என்றால் சும்மா விடுவாளா? பானட்டைத் திறந்தாள், மூடினாள், இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து அடிப்பக்கத்தையும் பார்த்தாள். இடதுபக்க முன்விளக்கைச் சுற்றி மட்டும் வெள்ளை கொஞ்சம் அதிக வெள்ளையாக இருந்தது. அங்கே நட்டுகளும் புதுசு.

"தம்பி, இது எங்கயாவது இடிச்ச வண்டியா?"

விற்கிறவன் ஆசுவேலு. வாட்டசாட்டமான ஆள், ஆனால் கேள்வி விழுந்ததும் தன் கால் விரல்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"வண்டி நல்லா ஓடும்க்கா."

"ஓடுமான்னா கேட்டேன்? இடிச்சுதான்னு கேட்டேன்."

"நல்லா ஓடும்க்கா," என்றான் மறுபடியும், ஏதோ ஜெபத்துக்கு ஆமென் சொல்வதுபோல.

அவள் அந்த வெள்ளையை மறுபடியும் தடவிப் பார்த்தாள். விலையோ அடிமாட்டு விலை. முன்னால் ஒருமுறை அடிவாங்கி, உள்ளே வளைந்து, மேலே பெயிண்ட் பூசின வண்டி ஒரு நாள் ஏதாவது வளைவில் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டால்? உள்ளே தோவியா உட்கார்ந்திருப்பானே.

தோவியா அவள் புருஷன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை தலைநகர் ஆபியாவின் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறான். உபோலு தீவின் இந்தக் கிழக்கு முனையிலிருந்து பஸ்தான். திரும்பும்போது கூட்டம் நெரியும். போன தடவை இடமில்லாமல் யாரோ ஒரு பையன் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். எங்கள் பஸ்ஸில் மடியில் உட்காருவது ஒன்றும் புதிதில்லை, ஆனால் ஒரு காலத்தில் தோவியா மடியில்தான் மூன்று பேர் உட்காருவார்கள். அன்று வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், "இனிமே நான் போகலடி," என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவள் கார் தேடிக் கிளம்பினாள். நாளை விட்டு மறுநாள் அடுத்த முறை. அதற்குள் வண்டி வேண்டும்.

காலையில் கிளம்பும்போதுகூட அவன் கிண்டல் பண்ணினான். "காரு வாங்கப் போறியா, காருக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா? ஜாதகத்தையும் கேட்டு வாங்கிட்டு வா."

அவள் கேட்கத்தான் செய்தாள். இரண்டு வருஷம் நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துவிட்டு வந்தவள் அவள். அங்கே பழைய வண்டி என்றால் முதல் கேள்வியே அடிபட்டதா என்பதுதான். இங்கே ஆசுவேலு வீட்டுக்கு வரும் வழியில் டின் மீன் கடைக்காரியிடம் அதையே கேட்டாள். கடைக்காரி இல்லாத வேலை ஒன்றை நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிங்கோ ஆடிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள். ஒருத்தி பளிச்சென்றிருந்த வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு," என்றாள். ஊரே கூடிக்கொண்டு தன்னை ஏமாற்றுகிறது என்று ஃபுவாதினோவுக்கு நெஞ்சு கொதித்தது.

ஆசுவேலு சாவியை நீட்டினான். "நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் வரல."

"ஏன், உன் வண்டியில ஏற உனக்கே பயமா?"

அவன் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

வண்டி ஓடியது. ஒரு பக்கமாக இழுக்கவில்லை, பிரேக்கும் பிடித்தது. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கிளப்பியது. தேவாலயம் தாண்டி வளைவில் ஒரு வீடு. வீட்டு முன்னால், எங்கள் ஊர் வழக்கப்படி ரோட்டைப் பார்த்த கல்லறை, புது ஓடு பதித்தது. ஒரு மனிதர் அதைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இவரையும் கேட்டுவிடலாம் என்று வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினாள்.

அவர் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

நீமியா என்று பெயர் சொன்னார். இளநீர் சீவிக் கொடுத்தார். நிழல் விழுந்த இடம் அதுதான் என்பதால் கல்லறை ஓரத்திலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். "அண்ணே, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. அந்த ஆசுவேலு வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கான்? என் புருஷன் நோயாளி. இந்த வண்டி எதையாவது இடிச்சுதா, இல்லையா?"

அவர் வண்டியைப் பார்த்தார். இடதுபக்க விளக்கைப் பார்த்தார்.

"இடிச்சுது," என்றார். உட்கார்ந்திருந்த கல்லறைத் தளத்தை உள்ளங்கையால் தடவினார். "இவளைத்தான். மாசினா. என் பொண்டாட்டி. தேவாலயத்துல பாட்டுப் பயிற்சி முடிஞ்சு வந்துட்டிருந்தா."

ஃபுவாதினோ எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். இளநீரைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சிருங்க அண்ணே. யாரும் சொல்லல..."

"சொல்ல மாட்டாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள ஆசுவேலு குடும்பமே மன்னிப்புக் கேட்டு வந்து, தலைமேல பாயைப் போர்த்திக்கிட்டு, இதோ இந்த முற்றத்துல குனிஞ்சு உட்கார்ந்திருந்துச்சு. வெயில் ஏறுற வரைக்கும் பாத்தேன். அப்புறம் போய் நானே பாயை எடுத்தேன். எடுத்தாச்சுன்னா மன்னிச்சாச்சு, முடிஞ்சுது. அதுக்கப்புறம் யாராவது பேசினா என் வார்த்தையை அழிச்ச மாதிரி."

"அப்ப நீங்க மட்டும்..."

"என் பொண்டாட்டி. நான் பேசலாம்."

அவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஊர் ஏமாற்றவில்லை, இவர் வார்த்தையைக் காத்துக்கொண்டிருந்தது. அதைப்போய்ப் பேரம் பேசுகிறவள்போலக் கிண்டிவிட்டாளே.

"எனக்கு வேண்டாம் அண்ணே. நான் வாங்கல."

"வாங்கலன்னா அங்கயேதான் நிக்கும். அவன் ஓட்டுறதில்ல. பேட்டரி செத்துடக் கூடாதுன்னு வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்றான். இங்க வரைக்கும் கேக்கும். சத்தம் நிக்கிற வரைக்கும் நான் அசைய மாட்டேன்." அவர் வண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எடுத்துட்டுப் போயிரும்மா."

ஃபுவாதினோவுக்குச் சொல்லாமல் தப்பிக்க ஆசைதான். ஆனால் கல்லறைமேல் உட்கார்ந்துகொண்டு எப்படி மறைப்பது? "எங்க வீடு இதே ரோட்டுல, நாலஞ்சு ஊரு தள்ளி அண்ணே. ஆஸ்பத்திரிக்கு வேற வழியில்ல. உங்க வீட்டைத் தாண்டித்தான் போகணும், வரணும். வாரம் மூணு நாள்."

நீமியா மறுபடியும் குனிந்தார். புல்லைப் பிடுங்கினார், மண்ணை உதறினார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு பயம், சொல்லிவிட்டால் நிம்மதி என்று ஒரு நினைப்பு, நாளை மறுநாள் தோவியா யார் மடியிலோ என்று இன்னொரு பயம்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன்," என்றார் கடைசியில். "ஒண்ணுதான் விட முடியல. அவன் அன்னைக்கு ஹாரன் அடிக்கல. அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பா." ரோட்டு வளைவைக் கையால் காட்டினார். "நீ இந்த வளைவுக்கு வரும்போது அடி. ஒவ்வொரு தடவையும். அடிச்சா, வர்றது அவன் இல்ல நீதான்னு தெரிஞ்சுக்குவேன்."

மூன்றாம் நாள் விடியலில் தோவியா முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆபியா வரைக்கும் ராஜா மாதிரி போகலாம் என்று சிரித்தான். வளைவு நெருங்க நெருங்க ஃபுவாதினோ வேகத்தைக் குறைத்தாள். அடித்தால் அந்த மனிதரின் புண்ணைக் கிளறுகிறோமோ? அடிக்காவிட்டால்? கண்ணை இறுக்கிக்கொள்ளாத குறையாக ஹாரனை அழுத்தினாள். நீளமாக.

முற்றத்தில் நின்றிருந்த நீமியா புருவத்தை உயர்த்தினார். எங்கள் ஊரில் அதற்கு, சரி என்று அர்த்தம்.

"ரோட்டுல ஒரு கோழிகூட இல்ல, எதுக்குடி இந்தச் சத்தம்?" என்றான் தோவியா. "யாரு அவரு? ஆமா, கேக்கவே மறந்துட்டேன். ஜாதகம் என்னாச்சு? இடிச்ச வண்டியா, இல்லையா?"

அவள் வாய் திறந்தாள். முற்றம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி நல்லா ஓடும்," என்றாள்.