இரண்டாவது பெடல்

காருக்கு அடியிலிருந்து "மிதி" என்று குரல் வந்தது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கிளட்ச் பெடலை மிதித்தாள். "பிடி" என்றது. பிடித்துக்கொண்டாள். கீழே ஒரு திருகு நெகிழ்ந்தது, குழாய் வழியாக எண்ணெய் பாட்டிலுக்குள் வழிந்தது, திருகு மறுபடி இறுகியது. "விடு." விட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பிருந்தே இதுதான் நடந்துகொண்டிருந்தது. இந்த மூன்று சொற்களைத் தவிர கணவன் அவளிடம் வேறெதுவும் பேசவில்லை. மற்ற நாட்களில் மூன்றுகூடத் தேறாது என்பதால் அதை அவள் குறையாக நினைக்கவில்லை. கன்னம்தான் இன்னும் எரிந்தது. முந்தின சுற்றில் அவன் "விடு" சொல்வதற்குள் காலை எடுத்துவிட்டாளாம், காற்று திரும்ப உள்ளே போய்விட்டதாம். எழுந்து வந்து ஒரு அறை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

கிளட்ச் மாற்றுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிக்கொள்பவர்களில் அவள் கணவனும் ஒருவன். மற்றவர்கள் வேறு பட்டறை வைத்திருந்தார்கள். அவனுடைய பட்டறை, அவள் அப்பாவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் பின்புறக் கொட்டகை. முன்பக்கம் வண்டியைக் கெடுப்பது, பின்பக்கம் சரிசெய்வது என்று இரண்டு தொழிலும் ஒரே சுற்றுச்சுவருக்குள் ஒற்றுமையாக நடந்துவந்தன. கிளட்ச் தீய்ந்த நாற்றம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு வந்த அன்று அந்த ஒற்றுமை முடிந்தது.

புதுத் தகடு, புது அழுத்துத் தட்டு, எண்ணெய் தள்ளும் புது உருளை என்று எல்லாவற்றையும் மாற்றி, கியர்பெட்டியைத் தூக்கி மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு "இனி வெண்ணெய் மாதிரி போகும்" என்று அவன் அறிவித்திருந்தான். வெண்ணெய் போகவில்லை. என்ஜின் ஓடும்போது முதல் கியரைப் போட்டால் பெட்டிக்குள் யாரோ பல்லைக் கடிப்பது போலச் சத்தம். காலையில் அவன் பிடிவாதமாகத் தள்ளிப் போட்டபோது, பெடல் மிதியில் இருக்கும்போதே வண்டி துள்ளிப் பாய்ந்து தண்ணீர் டிரம்மை உடைத்துவிட்டு நின்றது.

காற்றுதான், என்றான். பெடலை மிதித்தால் குழாயிலிருக்கும் எண்ணெய் மறுமுனையைத் தள்ளி என்ஜினையும் கியர்பெட்டியையும் பிரித்துவைக்கும். எண்ணெயில் காற்று கலந்தால் தள்ளுகிற வேலையைக் குமிழிகள் விழுங்கிவிடும், கியர் விழாது. அவன் சொன்னது சரிதான். ஆனால் பாட்டிலுக்குள் குமிழி வருவது நின்று வெகுநேரமாகிவிட்டது. வராத குமிழியை வரவழைக்கும் ஆவேசத்தோடு அவன் திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் கட்சி வேறு. பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘நிறுவனர், முதல்வர், தலைமைப் பயிற்றுநர்’ என்று மூன்று பதவிகளும் ஒருவர் பெயருக்குக் கீழேயே இருக்கும். மாணவர்கள் அவரைப் பிரின்சிபால் என்றுதான் கூப்பிட வேண்டும். கணக்கோடு சண்டை போட்டுப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்தவர், பயிற்சிப் பள்ளியில் கரும்பலகை வைத்து முதல் இரண்டு வாரம் வண்டியையே காட்டாமல் பாடம் நடத்துவார். வண்டிக்குள் ஏறியதும் பாடமுறை மாறிவிடும். கதவின் பையில் ஒரு அலுமினியக் குழாய் இருக்கும், திரைச்சீலை மாட்டியதில் மிஞ்சிய துண்டு. கால் தப்பாக எழுந்தால் முழங்காலில் ஒன்று விழும். தசைக்கு ஞாபகசக்தி ஊட்டுகிறேன் என்பார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மாணவர்களின் தசைக்கு மட்டும் ஞாபகசக்தி இயல்பாகவே இருந்தது.

அவளும் அந்தக் குழாயிடம் படித்தவள்தான். படித்து முடித்து, அழுதுபுரண்டு, பெண்களுக்கென்று சாயங்காலம் ஒரு வகுப்பு எடுக்க அனுமதி வாங்கினாள். அந்த வகுப்பில் குழாய் கிடையாது. அதனாலேயே அதற்குக் கூட்டம் சேர்ந்தது, கூட்டம் சேர்ந்ததை அப்பாவால் பொறுக்க முடியவில்லை. கிளட்ச் தீய்ந்ததும் தீர்ப்பை ஒரே வரியில் சொல்லிவிட்டார். பொம்பளைக் கால் பட்டுத் தீஞ்சது. இன்றைக்கு உடைந்த டிரம்மின் தண்ணீர் காலடியில் ஓட, தண்டனையையும் சொல்லியிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வண்டி ஒழுங்கா கிளம்பலேன்னா பொம்பளைங்க கிளாஸ் இன்னியோட சரி. நீ உள்ள உக்காந்து போன் எடுத்தா போதும்."

போன் எடுப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய நாளில் யாரும் யாரையும் அடிக்காத நேரம். காலையில் அப்பாவின் சத்தம், இரவில் கணவனின் கை. நடுவில் இந்த வண்டி, பக்கத்தில் வியர்த்துப்போய் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஒரு பெண். வண்டி அணைந்தால் இருவரும் சிரிப்பார்கள். அதைத்தான் பறிக்கப்போகிறார்கள்.

வாசல் கேட்டை ஒட்டிய பெஞ்சில் அவளுடைய மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நர்ஸ். டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளாஸ் உண்டா இல்லையா என்று கேட்காமல் காத்திருந்தாள்.

வண்டிக்குள் அவள் பெடலை மறுபடி மிதித்துப் பார்த்தாள். காலையிலிருந்தே உறுத்திய ஒன்று இப்போது தெளிவாகப் பட்டது. பழைய கிளட்சில் பாதம் இன்னும் கொஞ்சம் கீழே போகும். இப்போது அதற்கு முன்பே நின்றுவிடுகிறது, அதுவும் மெத்தென்று நிற்காமல், எதிலோ முட்டியது போல் டக்கென்று.

"என்னங்க, பெடல் முழுசா இறங்கல."

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். முகத்தில் எண்ணெய், கையில் ஸ்பேனர்.

"முழுசா மிதிக்கத் தெரியலேன்னு சொல்லு."

"மிதிச்சுட்டுத்தான் சொல்றேன். எதுலயோ இடிக்குது."

ஸ்பேனர் அவள் காதருகே கதவுத் தூணில் மோதித் தெறித்தது. பெயிண்ட் உரிந்து இரும்பு பல்லிளித்தது. எண்ணெய் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்தான். அதுவும் தீரவில்லை என்று வண்டியைத் தாங்கிய ஸ்டாண்டை ஒரு உதை விட்டு, வண்டியைத் தரையில் இறக்கினான். இத்தனையும் செய்தானே தவிர, குனிந்து பெடலைப் பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. கிளட்ச் என்றால் கீழே படுத்துப் பார்ப்பது என்பது அவன் கற்ற தொழில். மேலே இருப்பது பெண்டாட்டியின் கால், அதற்காகக் கன்னத்தில் அறைந்து பார்த்தாயிற்று.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, மடிப்புக் கலையாத சட்டை. நிலைமையைக் கண்ணால் அளந்துவிட்டு, நடைமுறை விளக்கம் தரும் முகத்தோடு பயிற்றுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பள்ளி வண்டி என்பதால் அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இரண்டு கிளட்ச் பெடலையும் ஒரு இரும்புத் தண்டு இணைக்கும். ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஆபத்து நேரத்தில் மட்டுமே பயிற்றுநர் அதைத் தொட வேண்டும் என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதுவார். ஆனால் அவருடைய பெடலின் ரப்பர்தான் தேய்ந்து வழுவழுத்து, உள்ளிருக்கும் இரும்பு மின்னிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் ஷூவை அதன்மேல்தான் சாய்த்து வைத்திருப்பார். அரைகுறையாய் மிதிபட்டே உரசிக் கிளட்ச் தீய்ந்ததற்கு அந்த ஷூவே போதும். எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

"ஸ்டார்ட் பண்ணு. நான் பாக்கறேன்."

என்ஜின் ஓடியது. மிதித்து முதல் கியருக்குத் தள்ளினாள். பெட்டிக்குள் பல் கடிபட்டது. அலுமினியக் குழாய் முழங்காலில் இறங்கியது. பழைய இடமே, தழும்பின்மேல்.

"கிளட்ச்சுங்கிறது வெறும் இரும்பு இல்ல மாப்பிள்ளை," என்றார் அப்பா, மருமகனைப் பார்த்து. "அது ஒரு ஒழுக்கம். இவளுக்கு வரல, விட்டுருவோம். நீங்க அந்தப் பிளேட்டைத் திருப்பி மாட்டலியே?"

மெக்கானிக்கைக் கொலை செய்ய இதைவிட மென்மையான வழி கிடையாது. தகடைத் திருப்பி மாட்டுவது தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. கணவன் கை துடைக்கும் துணியைக் கீழே போட்டான்.

"யாரைப் பாத்துக் கேக்கறீங்க மாமா?"

"உங்களைத்தான் கேக்கறேன். வேற எவன் கழட்டுனது? நீ செஞ்ச வேலைதானேடா இது?"

நீங்களில் ஏறி நீயில் நிற்காமலே டாவில் வந்து இறங்கினார். எல்லாம் ஒரே மூச்சில். அவர் இறங்கி முடிப்பதற்குள் கணவன் சுற்றிவந்து கதவைப் பிடுங்கித் திறந்து, மடிப்புக் கலையாத சட்டையின் காலரைக் கொத்தாகப் பிடித்தான். குழாய் அவன் நெற்றியில் வீசப்பட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை. இரண்டாவதில் புருவம் கிழிந்தது. அவன் விடவில்லை. முஷ்டியை முகத்தின் நடுவில் இறக்கினான். காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு ஓசை கேட்டது. பிரின்சிபால் முதன்முதலாகப் பாடத்தின் நடுவே பேச்சை நிறுத்தினார். இருக்கையிலிருந்து அவரை மூட்டை போல இழுத்தபோது அவருடைய கால்கள் உள்ளேயே உதைத்துக்கொண்டன. குதிகால் எதிலோ சிக்கியது. அவன் இன்னொரு முறை இழுத்தான். தரைவிரிப்பு டர்ரென்று கிழிந்து, ஷூவோடு சேர்ந்து ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து கீழே உருண்டது.

அவள் பாதம் இன்னமும் கிளட்சின்மேல் இருந்தது. அந்தக் கணத்தில் பெடல் அவள் காலுக்கடியில் நழுவி இறங்கியது. இரண்டு விரல் அகலம் இருக்கும். அடிவரை.

குனிந்து பார்த்தாள். பயிற்றுநர் பெடலுக்குக் கீழே கிழிந்த விரிப்பு, இரண்டு திருகு ஓட்டைகள். கிடந்தது ஒரு மரக்கட்டை, இழைத்து வார்னிஷ் பூசியது. வண்டி பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், முழங்கால் வலிக்குக் குதிகாலுக்கு ஒரு தாங்கல் வேண்டும் என்று அப்பா தச்சனிடம் அளவு கொடுத்துச் செய்து, தானே திருகி வைத்தது. அழகாயிருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டார். அழகாயிருக்கிறது என்று அவளும்தான் சொன்னாள். அவருடைய பெடல் அந்தக் கட்டையில் முட்டி நின்றிருக்கிறது, தண்டின் இந்த முனையில் அவள் பெடலும் நின்றிருக்கிறது. இவ்வளவுதான். காற்றும் இல்லை, காலும் இல்லை, ஒழுக்கமும் இல்லை.

கியர் தண்டைத் தொட்டாள். கையின் கனத்துக்கே முதல் கியர் விழுந்தது. ஓசையே இல்லை.

"அப்பா," என்றாள். "என்னங்க. சரியாயிடுச்சு."

இருவருக்கும் கேட்கவில்லை, அல்லது வேண்டியிருக்கவில்லை. சண்டை வண்டியின் முன்பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. கணவன் அப்பாவைப் பானெட்டின்மேல் மல்லாக்கச் சாய்த்துக் கழுத்தை அழுத்தினான். அப்பாவின் கட்டைவிரல் அவன் கிழிந்த புருவத்துக்குள் புகுந்து துழாவியது. வசவுகளில் அவள் அம்மா வந்தாள், அவன் அம்மா வந்தாள், அவள் ஒருத்தியைத் தவிர எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் வண்டி குலுங்கியது.

பெஞ்சிலிருந்து நர்ஸ் எழுந்து நின்றாள். "பெரியவருக்கு மூக்கு உடைஞ்சிருக்கு," என்றாள், வார்டில் டாக்டரிடம் சொல்வது போன்ற நிதானத்தோடு. "சாய்ச்சு வெக்கக் கூடாது. ரத்தம் தொண்டைக்குப் போயிடும்." பிறகு கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். ஆம்புலன்சுக்காகத் திறந்தாளா, வகுப்புக்காகத் திறந்தாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கியரை எடுத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய் விலக்கிவிடலாம். அவள் விலக்காத சண்டையா. விலக்குகிறவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் விழும். பிறகு இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்து, இவளால்தானே இத்தனையும் என்று சமாதானமாகிவிடுவார்கள். கட்டையைக் காட்டினாலும் யாருக்கும் அது கண்ணில் படாது. வகுப்பு இன்றோடு சரி.

கைப்பிரேக்கை இறக்கினாள்.

இடது காலை ஒரு மயிரிழை மேலே விட்டாள். என்ஜினின் குரல் தாழ்ந்தது. வண்டியின் முன்பக்கம், கயிற்றை இழுக்கும் மாடு போல, மெல்ல நிமிர்ந்து நின்றது. பிரேக்கின் மேலிருந்த வலது கால் மட்டும் அதைப் பிடித்திருந்தது.

அப்பாவின் முதுகுக்கு அது தெரிந்தது. பானெட்டை ஊன்றியிருந்த கணவனின் உள்ளங்கைக்கும் தெரிந்தது. இருவரும் தொழில் தெரிந்தவர்கள். அந்த அதிர்வுக்கு என்ன அர்த்தம், அதற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவில் எத்தனை இடம் இருக்கிறது என்பதை இருவருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. கழுத்திலிருந்த கை கழுத்திலேயே நின்றது. புருவத்திலிருந்த விரல் புருவத்திலேயே நின்றது. இரண்டு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரும்பி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தன. யார் ஓட்டுகிறார்கள் என்று இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தன.

அவள் இடது கால் களைத்து நடுங்கத் தொடங்கியிருந்தது. பானெட்டில் அப்பாவின் மூக்கிலிருந்து விழுந்த ஒரு துளி, ஓடாமலும் உறையாமலும், அந்த நடுக்கத்தோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.